குழாயைப் பிடித்து நடந்தவள்

எனக்குப் பொறுமை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் வருவதைப் படித்துவிட்டு யாராவது என்னைப் பெரிய தியாகி என்று நினைத்துக்கொண்டால் எனக்குக் கூச்சமாக இருக்கும். மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் பதினாறு வருடம் பிள்ளைக் கொட்டகை ஆயாவாக இருந்தேன். காலையில் சங்கு ஊதியதும் கொழுந்து பறிக்கப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளைக் கொண்டுவந்து என்னிடம் போட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வார்கள். எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டு, கூடை சுமக்க முடியாமல் போனதால் கிடைத்த வேலை அது. பிள்ளைகள் மேல் ஆசைப்பட்டு வந்தவள் இல்லை நான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில்தான் அவளைக் கொண்டுவந்தார்கள். மூன்று மாதக் குழந்தை. பார்த்தால் பிறந்து மூன்று நாள் என்றுதான் சொல்லத் தோன்றும். தலை சிறுத்து, கண் இடுங்கி, மேலுதடு கோடு போல மெலிந்து இருந்தது. பால் குடிக்கத் தெரியவில்லை. இரண்டு முறை சப்பும், அப்புறம் களைத்துப்போய்க் கையும் காலும் உதற ஆரம்பிக்கும். சங்கு ஊதினால் அலறும். தகரக் கூரையில் மழை விழுந்தால் அலறும். நான் தும்மினாலும் அலறும். கொட்டகையில் இருந்த மற்ற பிள்ளைகள் எல்லாம் அவள் அழுகையைப் பார்த்து அழுகையை நிறுத்தின.

குழந்தையின் அம்மா என் பக்கத்து வீட்டுக்காரி. எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற வரிசை வீட்டைத்தான் லயம் என்போம்; எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு ஒரே சுவர்தான். அவள் பெருமூச்சு விட்டால் எனக்குக் கேட்கும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி வந்த பெண். குச்சி போல இருப்பாள். இது தலைப்பிரசவம்; அதற்காக ஊருக்குப் போய், அப்போதுதான் பிள்ளையோடு திரும்பியிருந்தாள்.

இந்த இடத்தில் எங்கள் லயத்து வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நாங்கள் எல்லாம் வெயில் ஊரிலிருந்து மலையேறியவர்கள். அட்டைக்கடிக்குப் பயப்பட மாட்டோம், காட்டுப்பன்றிக்குப் பயப்பட மாட்டோம், குளிர் என்றால் மட்டும் குலை நடுங்கும். அதிலும் பிள்ளைத்தாய்ச்சி நனைந்துவிட்டால், குளிர் அவள் வயிற்றுக்குள் ஏறிக் குழந்தையை விறைக்க வைத்துவிடும் என்று முழுசாக நம்பினோம். அதற்கு நாங்கள் கண்டுபிடித்த கைவைத்தியம், சாராயத்தில் மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டுச் சூடுபண்ணி, சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் ஒரு தம்ளர் குடிக்க வைப்பது. அதை யாரும் சாராயம் என்று சொல்வதில்லை. மருந்து என்றுதான் சொல்வோம். அதைப் பக்குவமாகக் காய்ச்சுவதில் லயத்தில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அந்தப் பெருமை எனக்கு ஏகத்துக்கும் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு மூன்றாம் மாதத்திலிருந்து எட்டாம் மாதம் வரை என் கையால்தான் ஊற்றிக் கொடுத்தேன். அவளுக்கு அந்த வாடையே ஆகாது. முதல் வாரம் குமட்டிக் குமட்டித் துப்பினாள். நான்தான் அதட்டி, மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தேன்.

குழந்தையைக் கையில் வாங்கியபோது எனக்கு இதெல்லாம் நினைவுக்கே வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஒரு உயிர் கண்ணெதிரே வற்றிக்கொண்டு போவதை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? பாலாடை எடுத்து, மாட்டுப்பட்டியிலிருந்து வருகிற பாலைத் துளித்துளியாகப் புகட்டினேன். ஒரு பாலாடை உள்ளே போக அரை மணி நேரம் ஆகும். தற்செயலாகத்தான் ஒன்று புரிந்தது. கொழுந்துக்காரிகள் இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியில் இறுக்கிச் சுற்றி, சாக்கு அடுக்கி வைத்த இருட்டு மூலையில் வைத்தால் அவள் உதறுவது நின்றது. சங்கு ஊதப் போகிற நேரம் எனக்கு அத்துப்படி. அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே போய் அவள் காதுகளை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திக்கொள்வேன். இப்படியே ஒரு வருடம் ஓடியது. பிழைத்துக்கொண்டாள்.

பிழைத்த பிறகுதான் என் பாடு பெரும்பாடாயிற்று. இரண்டரை வயதில்தான் நடந்தாள். நடந்த நாளிலிருந்து நிற்கவில்லை. சாக்கடைக்குள் இறங்குவாள், அடுப்புக்குள் கை விடுவாள், யாராவது தொட்டால் கடிப்பாள். திங்கட்கிழமை தம்ளர் என்று சொல்லிக் கொடுத்தால் செவ்வாய்க்கிழமை அதைப் புதிதாகப் பார்ப்பாள். ஒருநாள் மூன்றாவது முறையாகச் சாக்கடையிலிருந்து தூக்கிவந்து, ஆத்திரத்தில் முதுகில் இரண்டு வைத்தேன். அழுதாள், மூக்கைச் சிந்தினாள், நேராகச் சாக்கடைக்கே போனாள். என்னை வம்புக்கு இழுக்கிறாள் என்று நினைத்து இன்னொரு அடிக்குக் கை ஓங்கினேன். அவள் முகத்தில் வம்பு எதுவும் இல்லை. தான் செய்ததையும் நான் அடித்ததையும் சேர்த்து முடிந்துவைக்க அவளிடம் கயிறு இல்லை என்று அப்போது தெரிந்தது. ஓங்கிய கை எனக்கே அசிங்கமாகத் தெரிந்தது. அதற்கப்புறம் அவளை நான் அடித்ததில்லை. மற்ற பிள்ளைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

வழி கிடைத்தது தம்ளர் கழுவும்போதுதான். அவள் கையைப் பிடித்து, என் கைக்குள் வைத்துக்கொண்டே கழுவினேன். "கழுவு. கவுத்து. வை." மூன்றே சொல். தினமும் அதே தொட்டி, அதே தம்ளர், அதே மூன்று சொல். வாயால் சொன்னது எதுவும் அவளிடம் தங்கியதில்லை. கை செய்ததோடு சேர்ந்த சொல் தங்கியது. நாற்பது நாள் கழித்து ஒரு காலை, நான் வேறு வேலையாக இருந்தபோது, பின்னால் "கவுத்து" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் தனியாகத் தம்ளரைக் கவிழ்த்துக்கொண்டிருக்கிறாள். நான் போட்ட சத்தத்தில் பயந்து மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டாள். அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் எல்லாவற்றையும் செய்து காட்டினேன். அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. வீட்டிலும் அதே சொல், அதே வரிசை என்று ஒரு நாள் தவறாமல் பிடித்துக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை எஸ்டேட் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா பிள்ளைகளை எடை போட வருவார். மலையாளத்துக்காரர், தமிழ் பேசினாலும் அதில் மலையாளம் மணக்கும். அந்த வருடம் புதிதாக வந்தவர், இவள் முகத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆயா, இந்தக் குட்டியோட அம்மா கர்ப்பமா இருந்தப்போ குடிச்சிருந்தாளோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்ன டாக்டரம்மா இப்படிக் கேக்கீங்க? எங்க லயத்துப் பொம்பளைக ஒருத்தியும் குடிக்க மாட்டாளுக."

சத்தியமாகப் பொய் சொல்லவில்லை. மருந்து குடிப்பது குடிப்பதாகும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

டாக்டரம்மா விடவில்லை. "கொஞ்ச வருஷமாத்தான் வெளிநாட்டுப் புஸ்தகத்துல எழுதறாங்க. அம்மா குடிச்சா, வயித்துக்குள்ள இருக்கிற குழந்தையோட மூளைக்கும் அது போகும். இந்த மாதிரி முகம், இந்த மாதிரி வளர்ச்சி. இதுக்கு மருந்து ஒண்ணும் இல்ல. ஆனா வளர்க்கிற விதத்துல நெறைய மாறும். நீங்க என்ன செய்யறீங்க?" என்று கேட்டார். தம்ளரைக் காட்டினேன், படங்கைக் காட்டினேன். அப்படியே செய்யுங்கள், வரிசையை மட்டும் மாற்றாதீர்கள் என்றார். போகும்போது, "யார் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றார். யாருமில்லை என்றேன்.

எடை போடுகிற தராசை மடித்துக்கொண்டு அவர் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு தம்ளர். தினமும். ஐந்து மாதம். என் கைப்பக்குவம். கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

பேசாமல் இருந்திருக்கலாம். டாக்டரம்மா கேட்டது எனக்கு மட்டும்தான் தெரியும். ஆனால் அந்தப் பெண்ணை லயம் சும்மா விட்டிருக்கவில்லை. கிரகணத்தில் வெளியே போனாள், எருமைப்பால் குடித்தாள் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். புருஷன்காரன் புத்தியில்லாததைப் பெற்றவள் என்று வாய்க்கு வந்தபடி ஏசுவான். சுவர் வழியாக எனக்குத்தான் கேட்குமே! மறுநாள் சாயங்காலம் குழாயடியில் எல்லாரும் குடத்தோடு நின்றபோது சொன்னேன். "ஏட்டி, எல்லாரும் கேட்டுக்கோங்க. இவ மேல ஒரு தப்பும் இல்ல. நான் காய்ச்சி ஊத்துன மருந்துதான் அந்தப் புள்ளைய இப்படிப் பண்ணிருச்சு. வேண்டாம் வேண்டாம்னுதான் சொன்னா. நான்தான் மூக்கப் பிடிச்சு ஊத்துனேன்."

குழந்தையின் அம்மா குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அதற்கப்புறம் பதினோரு நாள் என்னோடு பேசவில்லை. காலையில் வருவாள், குழந்தையை என் கையில் கொடுப்பாள், முகத்தைப் பார்க்காமல் போய்விடுவாள். அந்தப் பதினோரு நாளும் நான் சாப்பிட்டது சோறா மண்ணா என்று எனக்குத் தெரியாது. பன்னிரண்டாம் நாள் படியில் நின்றாள்.

"யக்கா, எம்புள்ளைக்குக் குளிராம இருக்கணும்னுதான நீ குடுத்த?"

"ஆமாடி."

"இனிமே ஒருத்திக்கும் குடுக்காத."

மருந்து காய்ச்சிய சட்டியில் அதற்குப் பிறகு சுக்குக் காப்பிதான் கொதித்தது. பிள்ளைத்தாய்ச்சி யார் இருந்தாலும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பழைய வழக்கத்தை விட மறுத்தவர்கள் வீட்டு வாசலில் நின்று சண்டை போட்டேன். என் வாய்க்குப் பயந்தே பாதிப் பேர் விட்டார்கள்.

அடுத்த தலைவலி பள்ளிக்கூடம். ஐந்து வயது முடிந்தால் கொட்டகையில் வைத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தில் சேர்க்காவிட்டால் இவளைக் கீழே ஊருக்கு அனுப்பிவிடுவதாகப் புருஷன்காரன் முடிவாகச் சொல்லிவிட்டான். "அங்க ஆளு எல்லாம் காட்டு வேலைக்குப் போயிருவாக யக்கா. இவளக் கட்டிப் போட்டுட்டுத்தான் போவாக" என்று அவள் அம்மா அழுதாள். அழைத்துப்போனோம். பள்ளிக்கூடத்து மணி தலைக்கு மேலே அடித்ததும் இவள் வாத்தியார் கையைக் கடித்துவிட்டு வெளியே ஓடிவிட்டாள்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. ஒரே அறையில் நாலு வகுப்பை ஒற்றை ஆளாக மேய்க்கிறவர். கைக்குத் துணி சுற்றிக்கொண்டே சொன்னார். "ஆயாம்மா, ஒரு வருஷம் கழிச்சுக் கூட்டிட்டு வாங்க. மூணே மூணு விஷயம். தனியா வந்து சேரணும். பேரு கேட்டாச் சொல்லணும். மணி அடிக்கிற வரைக்கும் உக்காரணும். ஓடினா தேடிப் போக எங்கிட்ட ஆளில்ல. கீழே பள்ளம்."

கொட்டகையில் இன்னும் ஒரு வருடம் வைத்துக்கொள்ள எஸ்டேட்டில் ஆட்களை மேற்பார்க்கிற கண்டக்டரிடம் சண்டை போட்டு அனுமதி வாங்கினேன். உட்கார வைப்பது அத்தனை கஷ்டமாக இல்லை. சிரட்டையில் தேயிலை விதையைப் போட்டுக் கொடுத்தால், ஒரு சிரட்டையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே மணிக்கணக்கில் இருப்பாள். பெயர் சொல்வதும் விதையோடு விதையாக வந்தது. வழிதான் வரவில்லை. லயத்திலிருந்து பள்ளிக்கூடம் இரண்டு பர்லாங்குதான். எல்லாப் பிள்ளைகளும் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் போவார்கள். இவள் ஒரு பூச்சியைப் பார்த்தால் போதும், பூச்சி போகிற பக்கம் போய்விடுவாள்.

லயத்துத் தொட்டியிலிருந்து பள்ளிக்கூடம் வரை ஒரு இரும்புத் தண்ணீர்க் குழாய் உண்டு. கல் தூண்களின் மேல் ஒரு பிள்ளையின் இடுப்பு உயரத்துக்குப் போகும். பள்ளிக்கூட வாசலில் பூமிக்குள் இறங்கும். அவள் கண்ணை நம்பிப் பயனில்லை, கையை நம்பலாம் என்று நினைத்தேன். இடது கையைக் குழாய் மேல் வைத்தேன். தூண் வந்ததும் கையை எடுத்துத் தாண்டி வைக்க வேண்டும். வைக்கும்போது "நட" என்று சொல்ல வேண்டும். கையில் இரும்புக் காப்பு போட்டிருந்தாள். வைக்கிற ஒவ்வொரு முறையும் அது குழாயில் பட்டு டங்கென்று ஒலித்தது. எந்தச் சத்தத்தைக் கேட்டாலும் அலறுகிறவள் அந்தச் சத்தத்துக்கு மட்டும் சிரித்தாள். அவளே எழுப்பிய சத்தம் அல்லவா! மொத்தம் நாற்பத்து மூன்று தூண். காலையில் நான் கொஞ்ச தூரம், ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா முழுத் தூரம் என்று நடத்தினோம்.

நடுவில் நானே காரியத்தைக் கெடுத்தேன். ஒருநாள் மழைக்கு அவசரப்பட்டுக் குறுக்குப் பாதையில் இழுத்துக்கொண்டு போனேன். அவ்வளவுதான், கட்டியது எல்லாம் சரிந்தது. குழாயைப் பார்த்தாலே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். முதல் தூணிலிருந்து மறுபடி தொடங்க இரண்டு மாதம் ஆயிற்று. அந்த இரண்டு மாதமும் அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்த அன்று விடிந்தபோது எதிர்வீடு தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி. கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரிகிறது. "இன்னைக்கு வேண்டாம்டி" என்றேன். "நேத்து வரைக்கும் சொல்லி வச்சிருக்கேன் யக்கா. இன்னைக்கு நிப்பாட்டுனா வரிசை மாறிப்போயிரும்" என்றாள் அவள் அம்மா. நான் சொன்ன பாடத்தை எனக்கே திருப்பிச் சொன்னாள். பால் காய்ச்சுகிற அம்மாளிடம் கொட்டகையை ஒப்படைத்துவிட்டு, நான் முன்னாலேயே போய்ப் பள்ளிக்கூட வாசலில் நின்றேன். சங்கு ஊதியதும் அவளைக் கிளப்பிவிடுவதாக ஏற்பாடு.

சங்கு ஊதியது. வாத்தியார் மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு பிள்ளைகூட வரவில்லை. பத்து நிமிடம், கால் மணி. "இந்தப் பனியில பெரிய பசங்களே வர மாட்டாங்க ஆயாம்மா" என்றார். கீழே இருக்கிற பள்ளம் என் கண்ணுக்குள் வந்து நின்றது. எந்தச் சாமியைக் கூப்பிட்டேன் என்று நினைவில்லை, எல்லாரையும்தான் கூப்பிட்டிருப்பேன்.

அப்போது டங் என்று கேட்டது. "நட." மறுபடி டங். "நட." கூடவே இன்னொரு குரலும் "நட" என்றது. இன்னும் இரண்டு மூன்று குரல்கள்.

பனிக்குள்ளிருந்து முதலில் அந்த இடது கை வந்தது. பிறகு அவள். அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பொடிசு. அதன் சட்டையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று. இப்படி வரிசையாக ஆறு பிள்ளைகள். குறுக்குப் பாதையில் இறங்கித் திசை தெரியாமல் அழுதுகொண்டிருந்தவர்கள், குழாய்ச் சத்தம் கேட்டு வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறார்கள். யாராவது தொட்டால் கடிக்கிறவள், அந்தப் பொடிசு பாவாடையைக் கசக்கிப் பிடித்திருக்க, ஒன்றும் சொல்லாமல் கடைசித் தூண் வரை வந்து, கையை எடுத்து வைத்து, "நட" என்று சொல்லிவிட்டு நின்றாள்.

வாத்தியார் மணியை மெதுவாக அடித்தார். அவர் குனிந்து பேர் கேட்டதும் தன் பேரைச் சொன்னாள், அப்பா பேரைச் சொன்னாள், லய நம்பரையும் சொன்னாள். கேட்காததையெல்லாம் சொல்லிவிட்டு, உள்ளே போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொண்டுவந்திருந்த சிரட்டையை எடுத்து முன்னால் வைத்தாள். "சேத்துட்டேன் ஆயாம்மா, போங்க" என்றார் வாத்தியார். நாலாம் வகுப்பை முடிக்க அவளுக்கு ஆறு வருடம் ஆனது. ஆகட்டுமே, முடித்தாள்.

அன்று நான் அழுதுகொண்டே திரும்பினேன். சீக்கிரம் போய்ச் சொல்ல வேண்டும் என்று குறுக்குப் பாதையில் இறங்கினேன். இருபது அடி போவதற்குள் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. எத்தனையோ வருடம் நடந்த பாதை! தேயிலைச் செடியைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறி வந்து, குழாயைத் தடவிக் கண்டுபிடித்து, கையை வைத்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்பதால் "நட" என்று சொல்லியும் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

முதல் தூணுக்கு வந்தபோது அங்கே யாரோ குந்தியிருப்பது தெரிந்தது. அவள் அம்மா. வேலைக்குப் போகவில்லை. நனைந்துபோய், குழாயில் கன்னத்தைச் சாய்த்து, காதை இரும்போடு ஒட்டவைத்துக்கொண்டிருந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சொல்லாத யக்கா. நான் எண்ணிக்கிட்டேதான் இருந்தேன். நாப்பத்தி மூணும் கேட்டுச்சு."